ஈரக் கோணி

எங்கள் பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து மைதானம் சிமெண்ட் தரை. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து காற்று வீசும் நாட்களில் அதன் மேல் சாம்பல் படிந்திருக்கும். சலித்த மாவு போல மெல்லிசாக, ஒரே சீராக. காலையில் முதலில் வருகிறவளின் காலடி அதில் அப்படியே பதியும். பள்ளிக்குப் பின்னால் நின்று பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும் என்பதால், சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

ஆட்டத்துக்கு முன் முதல் வேலை கோணி இழுப்பது. நனைத்த கோணிப்பையின் இரண்டு முனைகளை இருவர் பிடித்துக்கொண்டு, இந்த ரிங்கிலிருந்து அந்த ரிங் வரை இழுத்துக்கொண்டு போவோம். தரை சுத்தமாகும். ஆனால் ஆட்டம் பாதியில் இருக்கும்போதே மறுபடி படிய ஆரம்பிக்கும். ஷூவின் அடியில் சாம்பல் அப்பிக்கொண்டால் கால் நிற்காது. அதனால் கோட்டுக்கு வெளியே இன்னொரு கோணியைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டிருப்போம். உள்ளே இறங்கும் ஒவ்வொரு தடவையும் அதில் இரண்டு காலையும் அழுத்தித் தேய்க்க வேண்டும். சொரசொரப்பான சிமெண்டில் ஈரமான அடி பிடித்து நிற்கும். புதிதாக டீமில் சேருகிறவளுக்குப் பந்தைத் தட்டச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். யாராவது வழுக்கினால் உடனே நாலு பக்கமிருந்தும் கத்துவார்கள்: "கோணி மிதிச்சியாமே?"

நான் பெரும்பாலும் பெஞ்சில். பெஞ்சில் இருப்பவளுக்கு இரண்டு வேலை: ஸ்கோர் எழுதுவது, கோணி காயாமல் தண்ணீர் ஊற்றுவது.

ரிங்குக்கு அடியில் நின்று ஆடும் எங்கள் டீமின் சென்டர் வகுப்பிலேயே உயரமானவள். பிறகு பள்ளியிலேயே உயரமானவள் ஆனாள். 'போஸ்ட்டு' என்று கூப்பிடுவோம். வீடு காசிமேட்டில். ஷேர் ஆட்டோவில் தலையைச் சாய்த்துக்கொண்டே வருவாள். அப்பா விசைப்படகில் போகிறவர். அம்மா இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்தாள். லீவு நாட்களில் மகளும் போவாள். ஐஸ் தண்ணீரில் ஊறி அவளுடைய விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருக்கும். பிளாஸ்திரி சுற்றிக்கொண்டுதான் ஆட வருவாள். திங்கட்கிழமைக் காலைகளில் பந்தைத் தொட்டதும் அவள் சொல்வது ஒன்றே ஒன்று.

"பந்து இன்னாமே இப்டி சுடுது."

பந்து சுடாது. எங்களுக்கு அது சாதாரணப் பந்து.

ரிங்குக்கு வலை கட்டுவது அவளுடைய அப்பா. கடையில் விற்கும் வலையை நாங்கள் பார்த்ததில்லை. கிழிந்த மீன்பிடி வலையில் நல்ல துண்டாக வெட்டிக் கொண்டுவந்து, ஏணி போட்டு ஏறி, கட்டிவிட்டுப் போவார். முடிச்சு அசையாது. ஆனால் வலையின் கண் சிறியது. வலை கீழே குறுகி நீளமாகத் தொங்கும். பந்து விழுந்தால் பல தடவை வெளியே வராது, உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். எங்கள் கேப்டன் ஒரு தடவை அவரிடம் பெரிய கண் வலையாகக் கேட்டாள்.

"பெரிய கண்ணா? இன்னா, சொறா புடிக்கப் போறீங்களா?" என்றார் அவர், ஏணியில் நின்றபடி.

மாட்டிக்கொண்ட பந்தைக் குத்தி வெளியே தள்ள ரிங் கம்பத்தில் ஒரு மூங்கில் கொம்பு சாய்த்து வைத்திருப்போம். எங்கள் சென்டருக்கு மட்டும் அது தேவைப்பட்டதில்லை. ஓடிவந்து ஒரு எகிறு. கீழிருந்து உள்ளங்கையால் ஒரு தட்டு. பந்து மேலே போய்ச் சுற்றிக்கொண்டு வெளியே விழும். மற்ற பள்ளி டீம்கள் இதைப் பார்ப்பதற்காகவே பந்து மாட்டட்டும் என்று காத்திருப்பார்கள்.

ப்ளஸ் டூ முடிகிற வருடம் அவளுக்கு முன்னால் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, நகரத்துக்குள் இருந்த ஒரு பெண்கள் கல்லூரி. விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுத்தால் படிப்பும் ஹாஸ்டலும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. அந்தக் கல்லூரி டீமில் ஆடியவர்கள் பிறகு ரயில்வேயிலும் போலீஸிலும் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று எங்கள் பி.டி. மிஸ் சொல்லியிருந்தார். இன்னொன்று, கொட்டகை. அவளுடைய அம்மா இதை எங்கள் எதிரிலேயே சொன்னாள்.

"அங்க எட்த்தா எடுக்கட்டும். எடுக்கலன்னா என் பக்கத்துல ஒரு ஸ்டூலு கீது. வேற இன்னா கீது நம்மகிட்ட?"

அந்தக் கல்லூரி ஆள் எடுக்கும் டிரையல்ஸ் மே மாதத்தில். எங்கள் பள்ளியிலிருந்து மூன்று பேர் போனோம்: அவள், கேப்டன், நான். கூட பி.டி. மிஸ். எலக்ட்ரிக் ரயிலில் கோணியும் வந்தது. எங்கே ஆடப் போனாலும் கோணி கூடவே வரும். தண்டையார்பேட்டையானாலும் மீஞ்சூரானாலும் போய் இறங்கியதும் முதலில் குழாய் எங்கே என்றுதான் கேட்போம். இந்தக் கோணி அவள் அம்மாவின் கொட்டகையிலிருந்து வந்தது. எத்தனை தடவை அலசினாலும் இறால் வாடை போகாது. எதிர் சீட்டில் இருந்த வயதான அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மீன் கூடைய வாசப்பக்கம் வெய்யுங்கம்மா. கலீஜா நாறுது."

"கூடை இல்ல ஆயா, கூடைப்பந்து" என்றாள் கேப்டன்.

அந்த அம்மாள் பந்தையும் எங்களையும் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் சென்டர் கம்பியைப் பிடிக்காமல், கூரையில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். அன்று அவள் போட்டிருந்தது பர்மா பஜாரில் வாங்கிய ஆண்கள் ஷூ. பெண்கள் ஷூவில் அவள் காலுக்கு அளவு கிடையாது.

கல்லூரியின் மைதானம் ஒரு கூடத்துக்குள் இருந்தது. மரத்தரை. அதன் பளபளப்பில் ரிங் தலைகீழாகத் தெரிந்தது. எங்களில் யாரும் அதற்கு முன் மரத்தரையில் ஆடியதில்லை. ஏற்கெனவே பத்துப் பதினைந்து பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிற்கும்போதும் திரும்பும்போதும் ஷூக்கள் கீச் கீச்சென்றன. முதலில் உயரம் அளந்தார்கள், பிறகு ஓடவிட்டார்கள். கேப்டனும் நானும் அதிலேயே வெளியே வந்து கேலரியில் உட்கார்ந்துவிட்டோம். எங்களுக்கு அதில் வருத்தமில்லை. நாங்கள் வந்தது அவளுக்குத் துணையாக.

அடுத்தது ஆட்டம். ஐந்து பேராகப் பிரித்தார்கள். அவள் முறை வந்தது. கோட்டுக்கு வெளியே, சுவரோரமாக, கோணியை விரித்தாள். பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றினாள். வலது காலைத் தேய்த்தாள், இடது காலைத் தேய்த்தாள், உள்ளே போனாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேப்டனும் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. ஷூ கட்டுவது போல அது ஒரு வேலை.

முதல் பந்து ரிங்கில் பட்டுத் திரும்பியது. அவள்தான் எடுத்தாள். பாஸ் கொடுத்துவிட்டு எதிர் ரிங்கை நோக்கி ஓடினாள். திரும்பி வருகிற பாஸை வாங்க இடது காலை ஊன்றித் திரும்பினாள். மற்றவர்களின் ஷூக்கள் எல்லாம் கீச்சிட்டன. அவளுடையதிலிருந்து சத்தம் வரவில்லை. கால் முன்னால் போனது, உடம்பு வேறு பக்கம் போனது, முட்டி உள்பக்கமாக மடங்கியது. விழுந்தாள்.

விசில் ஊதினார்கள். துடைப்பம் வைத்திருந்த பணிப்பெண் ஓடிவந்து தரையைப் பார்த்தார். மேலிருந்து எங்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது. சுவரோரக் கோணியிலிருந்து அவள் விழுந்த இடம் வரை பெரிய பெரிய ஈரக் காலடிகள்.

"யாரும்மா இது, தரைல தண்ணி ஊத்தினது?" என்று கேட்டார் பணிப்பெண்.

அவள் அதற்குள் எழுந்துவிட்டாள். கல்லூரியின் கோச் அருகில் வந்தார். அவரும் உயரமானவர். பழைய மாநில வீராங்கனை என்று மிஸ் சொல்லியிருந்தார்.

"முட்டியில அடியா? உட்காரணுமா?"

"ஒண்ணும் இல்ல மேடம். வழுக்கிடிச்சு."

"ஆட முடியுமா?"

"முடியும் மேடம்."

ஈரத்தைத் துடைத்தார்கள். அவள் ஷூவின் அடியை ஜெர்சியிலேயே துடைத்துக்கொண்டு மீதி ஆட்டத்தை ஆடினாள். ஸ்கோர் எழுதிப் பழகிய கண்ணுக்கு அது வேறு ஆட்டமாகத் தெரிந்தது. அவள் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எகிறவில்லை. ரிங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றாள். பந்து வந்தால் தோளுக்கு மேலாகக் கையை வளைத்துப் போட்டாள். மற்றவர்கள் அவள் தோள் அளவுக்குத்தான் இருந்தார்கள். யாராலும் தடுக்க முடியவில்லை. பார்த்தவர்களுக்கு அது அவளுடைய பாணி என்று தோன்றியிருக்கும்.

கடைசியில் தேர்வானவர்களைக் கூப்பிட்டார்கள். அவளும் இருந்தாள். ஜூன் தொடக்கத்தில் பயிற்சி முகாம், பெட்டியோடு நேராக ஹாஸ்டலுக்கு வந்துவிட வேண்டும் என்றார் கோச். பி.டி. மிஸ் தலைமையாசிரியைக்கு போன் செய்தபடி அழுதார். நாங்கள் வெளியே வந்தோம். வாசலில் நாலைந்து படிகள். அவள் முதல் படியில் நின்றுவிட்டாள். பிறகு பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள்.

"மிஸ்கிட்ட சொல்லிடலாமே" என்றாள் கேப்டன்.

"வாயத் தொறந்த, பாரு. சொன்னா சீட்ட வேற எவளுக்காச்சும் குட்த்துடுவாங்க. நாலு நாள்ல சரியாப் பூடும்."

"வீங்கிக்கினு கீதுமே."

"எனக்குத்தான கீது? உனக்கா கீது? மூடு."

நாங்கள் மூடிக்கொண்டோம். சுருட்டிய கோணியை நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மறைக்க முடியவில்லை. மீன்பிடித் தடைக்காலம், அப்பா கரையில் இருந்தார், கொட்டகையில் வேலை குறைவு. ஐஸுக்குப் பஞ்சமில்லை. அம்மா கொட்டகையிலிருந்து ஐஸ் கட்டிகளைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து முட்டியில் வைத்தாள். மறுநாள் எலும்பு கட்டுபவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் அழுத்திப் பார்த்துவிட்டு எலும்பு உடையவில்லை என்றார். முட்டை வெள்ளைக்கருவைத் தடவித் துணி சுற்றி அனுப்பினார். அம்மா தெருமுனையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எலும்புக்கு ஒண்ணும் ஆவல! எலும்புக்கு ஒண்ணும் ஆவல!"

எங்கள் பகுதியில் அடிபட்டவர்கள் இரண்டு வகைதான்: எலும்பு உடைந்தவர்கள், உடையாதவர்கள். எலும்பு உடையவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று பொருள். முட்டிக்குள் இரண்டு எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் நார் ஒன்று உண்டு, அதுவும் அறும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

வீக்கம் வடிந்தது. அவள் நேராக நடந்தாள். மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே கருங்கல் கொட்டியிருக்கும் கரையோரச் சாலையில் மெதுவாக ஓடிக்கூடப் பார்த்தாள். நேராக ஓடினால் ஒன்றும் இல்லை என்றாள். திரும்பும்போதுதான்.

"கழண்டுக்கினு, அப்பால மாட்டிக்கினு வருது. கதவு தாப்பா மாதிரி."

"வலிக்குதா?" என்றேன்.

"வலிக்கல. அதான் பேஜாரா கீது."

முகாமுக்குப் போகிற அன்று அவளுடைய பக்கெட்டையும் பாயையும் நான் தூக்கிக்கொண்டு போனேன். அவள் அம்மா ஹாஸ்டல் அறையில் கட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். "தனிக் கட்டிலு" என்றாள். அவர்கள் வீட்டில் கட்டில் கிடையாது.

அந்த வாரம் முடிவதற்குள் கல்லூரியிலிருந்து போன் வந்தது. அவள் அம்மா என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"நீ கொஞ்சம் வா கண்ணு. நீ நாலு வார்த்த ஒயுங்காப் பேசுவ. நான் பேசுனா தொரத்திடுவாங்க."

கோச்சின் அறையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து இடது காலை நீட்டி வைத்திருந்தாள். மேசை மேல் ஸ்கேன் படம் இருந்த பெரிய உறை. பயிற்சியில் ஓடித் திரும்பும்போது முட்டி விட்டுவிட்டது, கல்லூரி மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுத்தோம், நார் முழுவதும் அறுந்திருக்கிறது என்று கோச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"இது நேத்து நடந்தது இல்லைன்னு டாக்டர் சொல்றாரு. பழைய அடி. எப்ப விழுந்தே?"

"முந்தாநேத்து மேடம்" என்றாள் அவள்.

கோச் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் உறையைப் பார்த்தேன். அம்மாவே பேசினாள்.

"அன்னிக்கி இங்க செலக்சனுக்கு வர்சொல்ல வுழுந்துச்சும்மா. எலும்பு ஒடையலன்னு சொன்னாங்கோ. அதான் உட்டுட்டோம்."

கோச் உறையை ஓரமாக நகர்த்தினார். பிறகு அவளிடம் கேட்டார்.

"அன்னைக்கு நான் உன்கிட்ட வந்து கேட்டேன் இல்ல? உட்காரணுமான்னு கேட்டேன் இல்ல?"

"கேட்டீங்க மேடம்."

"எங்க கோர்ட்ல விழுந்தே. அப்பவே சொல்லியிருந்தா நாங்க பாத்திருப்போம். ஆபரேஷன் பண்ணி, ஒரு வருஷம் உட்கார வெச்சு, சீட்டையும் வெச்சிருப்போம். உன் உயரத்துக்கு வெச்சிருப்பேன். இப்ப நீ மறைச்சு வந்துட்டேன்னு காலேஜ் ஆபீஸுல எழுதிட்டாங்க. ஸ்போர்ட்ஸ் சீட்டு ஆடறவங்களுக்குத்தான்."

"வேற எதுனா வேல குடுங்கம்மா. இது தரை தொடைக்கும்" என்றாள் அம்மா.

கோச் உறையை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

அவர் சொன்னது போல் சீட்டை வைத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. பின்னாளில் பத்திரிகை வேலைக்கு வந்து, விளையாட்டுப் பக்கத்துக்காகக் கல்லூரிகளுக்குப் போகும்போது வேறு கோச்சுகளிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நல்ல சென்டர் என்றால் வைத்திருப்போம் என்றவர்கள் உண்டு. அதெல்லாம் பேச்சுக்கு என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் அவள் அதை நம்பினாள். அறைக்கு வெளியே வந்ததும் அம்மாவிடம் அவள் சொன்னது இதுதான்:

"சொல்லியிருந்தா வெச்சிருப்பாங்களாம்மா."

பக்கெட்டையும் பாயையும் மறுபடி நான் தூக்கிக்கொண்டேன்.

அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்ப ஆரம்பித்தன. கொட்டகையில் இறால் குவிந்தது. ஆள் போதவில்லை. தேதி கடந்தது. அடுத்த தேதி கேட்கப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். போகவில்லை.

அம்மா சொன்ன ஸ்டூல் அவளுக்குப் பயன்படவில்லை. கொட்டகையில் தாழ்வான ஸ்டூலில் முட்டியை மடக்கி உட்கார்ந்துதான் உரிப்பார்கள். அவளால் அப்படி உட்கார முடியாது. அதனால் இறாலை அளவு வாரியாகப் பிரிக்கும் மேசையில் நிறுத்தினார்கள். மேசை மற்றவர்களின் இடுப்பு உயரத்துக்குச் செய்தது. அவள் நாள் முழுவதும் அதன் மேல் குனிந்து நிற்கிறாள். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். வாசலில் நின்று தேட வேண்டியிருக்கவில்லை. வரிசையில் வளைந்த முதுகு அவளுடையது மட்டும்தான்.

சென்ற ஆண்டு பள்ளிகளுக்கிடையிலான ஒரு போட்டி எங்கள் பழைய பள்ளியில் நடந்தது. அதைப் பார்க்கப் போயிருந்தேன். தரைக்கு நீலமும் பச்சையுமாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதன் மேல் சாம்பல் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கோட்டுக்கு வெளியே ஈரக் கோணி கிடந்தது. பெண்கள் மிதித்துவிட்டு உள்ளே இறங்கினார்கள். ரிங்கில் மீன்பிடி வலை. எங்கள் சென்டரின் அப்பா இன்னும் கட்டித் தருகிறார்.

அவள் கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாள். ரிங்குக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து, இடது காலுக்குப் பாரம் கொடுக்காமல் நின்றிருந்தாள். கைவிரல்கள் வெளுத்திருந்தன. இந்த வருடத்து டீமில் நல்ல உயரமாக ஒரு பெண் இருந்தாள். அடுத்த மாதம் டிரையல்ஸுக்குப் போகிறாளாம். இடைவேளையில் அந்தப் பெண் தண்ணீர் குடிக்க வந்தபோது, எங்கள் சென்டர் அவளைக் கூப்பிட்டாள்.

"ஏய், இங்க வா. எங்க செலக்சன், உள்ளயா வெளியவா?"

"உள்ள அக்கா. மரத்தரையாம்."

"அப்ப கோணிய எட்த்துனு போவாத."

"சரிக்கா."

"சரிக்கான்னு தலைய ஆட்டாத. வுழுந்தன்னு வெய்யி, அங்கியே கத்து. நல்லா கத்து. எழுந்து ஆடாத."

"நான் இன்னாத்துக்குக்கா வுழப் போறேன்?" என்று சிரித்துவிட்டு அந்தப் பெண் ஓடிப்போய்க் கோணியை மிதித்தாள்.

இரண்டாம் பாதி ஆரம்பித்தது. சிறிது நேரத்தில் ஒரு பந்து வலைக்குள் மாட்டிக்கொண்டது. ஆட்டம் நின்றது. டீமில் ஒருத்தி கம்பத்தைச் சுற்றிப் பார்த்தாள், கொம்பு இல்லை. அவள் பார்வை ரிங்குக்குப் பின்னால் நின்ற எங்கள் சென்டர் மேல் விழுந்தது.

"அக்கா, நீங்க கொஞ்சம் எகிறித் தட்டி வுடுங்கக்கா."

எங்கள் சென்டர் சுவரிலிருந்து நகர்ந்து ரிங்குக்குக் கீழே வந்து நின்றாள். அண்ணாந்து பந்தைப் பார்த்தாள். வலது கையை மேலே நீட்டினாள். எகிறாமல் அது எட்டாது. கையை இறக்கிக்கொண்டாள்.

"கொம்ப எங்க வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, சுவரோரமாக மெதுவாக நடந்து தேட ஆரம்பித்தாள்.